பழைய பிக்கப்புக்கு எந்த பிரேக் பொருந்தும்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பினாங்குத் தீவின் பாலிக் புலாவிலிருந்து டூன் சார்டோன் மலைச் சாலையில் ஏறி, உச்சியைத் தாண்டி, பாயா தெருபோங் பக்கம் இறங்கத் தொடங்கினால் வளைவுக்குப் பின் வளைவாக வந்துகொண்டே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டுரியான் பருவத்தில், பின்னால் பத்துப் பன்னிரண்டு கூடைப் பழத்துடன் என் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை அந்த இறக்கத்தில் ஓட்டி வந்தேன். பாதி வழியில் ஒரு வாடை. டுரியானையும் மீறி ஒரு வாடை மூக்கில் ஏறுகிறதென்றால் அது எப்படிப்பட்ட வாடை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வளைவில் பெடலை மிதித்தேன். கால் பஞ்சுத் தலையணையில் புதைவதுபோல் உள்ளே போனது. வண்டி மட்டும் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரு டுரியான் கடையின் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். முன் சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் நான் பழம் வாங்க வந்தவன் என்று நினைத்து நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

அன்றிரவே பெரிய பிரேக் வாங்குவது என்று முடிவு செய்தேன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் ஆறு பிஸ்டன் காலிப்பர், துளையிட்ட டிஸ்க், சிவப்புச் சாயம் என்று கைப்பேசியில் படம் படமாகப் பார்த்தேன். மறுநாள் பட்டறையில் சக்கரங்களைக் கழற்றியபோது உண்மை தெரிந்தது. பிரேக் எண்ணெய், பால் கலக்காத கோப்பி ஓ நிறத்தில் இருந்தது. முன்பு வண்டியின் உயரத்தைக் கூட்டியபோது, சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் சுமையறி வால்வை யாரும் சரிசெய்யவில்லை. பின் டிரம்களுக்குள், அவற்றை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டிய ஷூக்கள் தேய்ந்து ஒடுங்கிப்போய்க் கிடந்தன. இரண்டு முன் பிரேக்குகள் மட்டுமே வண்டியையும் என்னையும் டுரியானையும் சுமந்து இறங்கியிருக்கின்றன. நான் படத்தில் பார்த்த சிவப்புக் காலிப்பரை மாட்டியிருந்தாலும் இந்த மூன்று குறைகளும் அப்படியேதான் இருந்திருக்கும்.

பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, உயர்த்தி, பெரிய டயர் மாட்டிவிட்டு, இனி பிரேக்கைப் பார்க்கலாம் என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்குப் போகும் வேலை இதில் பாதிக்குப் பிறகுதான் வரும்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

தொழிற்சாலையிலிருந்து வந்தபோது உங்கள் வண்டி என்னவாக இருந்தது, இப்போது என்னவாகியிருக்கிறது என்பதை எழுதுங்கள். டயர், எடை, வேகம், சாலை, இந்த நான்கும் போதும்.

டயரிலிருந்து தொடங்குவோம். அக்காலத்துப் பிக்கப்புகள் பலவற்றில் இருந்த 205ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 742 மில்லிமீட்டர். 31 அங்குல டயரின் விட்டம் 787. 33 அங்குலம் என்றால் 838. கதவின் ஓரத்தை ஒருவர் தள்ள, கீலுக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் அதைத் தடுக்கப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் நிலைமை அதுதான். கதவு அகலமாக ஆக உங்கள் பாடு திண்டாட்டம். அதே மிதிக்கு, 31 அங்குல டயரில் தரையில் கிடைக்கும் நிறுத்துவிசை சுமார் 6 சதவீதம் குறையும். 33 அங்குலத்தில் 11 சதவீதத்துக்கும் மேல் குறையும். டயரே எடை கூடியதாக இருப்பதால், சுழலும் அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் பிரேக் அடக்க வேண்டும்.

அடுத்தது எடை. இரும்பு பம்பர், அதில் சிக்கிய வண்டியை இழுக்க ஒரு வின்ச், பின்னால் கூண்டு, கூரைச் சட்டம். எஃகுக் கம்பியுடன் கூடிய வின்ச் மட்டுமே 30 முதல் 40 கிலோ இருக்கும். இவற்றைக் கூட்டிப் பார்க்காமலே பலர் வண்டி ஓட்டுகிறார்கள். பழைய இரும்புக் கடைகளில் எடைமேடை இருக்கும். கேட்டால் ஏற்றிப் பார்க்க விடுவார்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்குப் போதும். பினாங்குப் பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்துவதற்கும், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் போகும் அதே வண்டியை நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு, பிரேக்கின் கணக்கில் ஏறத்தாழ இரு மடங்கு. வேகம் கூடினால் ஆற்றல் அதன் வர்க்கமாகக் கூடுகிறது. பழைய எஞ்சினை எடுத்துவிட்டு டர்போ எஞ்சின் வைத்தவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

சாலைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஜோர்ஜ்டவுன் நெரிசலில் நின்று நின்று போகும் வண்டியின் தேவை வேறு. கெந்திங் மலையிலிருந்து இறங்கும் வண்டியின் தேவை வேறு. இரண்டு டன் வண்டி ஒன்று செங்குத்தாக 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 2 கோடி ஜூல். குழாய்த் தண்ணீரை 65 லிட்டர் எடுத்துக் கொதிக்க வைக்க அது போதும். எஞ்சினும் காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நீங்கள் கியரை இறக்காமல் வந்தால், மிச்சம் முழுவதும் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் இரும்புத் துண்டுகளின் தலையில்தான் விழும். ஒருமுறை சட்டென்று நிறுத்துவதற்குப் பெரும்பாலான பழைய பிரேக்குகளே போதும். அந்தச் சூட்டை இருபது நிமிடம் விடாமல் தாங்குவதில்தான் அவை தோற்கின்றன. இது மனத்தில் பதிந்தால் எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

இருப்பதைப் புதிதாக்குங்கள்

எந்த உதிரிபாகத்தையும் பெரிதாக்கும் முன், இருக்கும் பிரேக்கை அது புதிதாக வந்த நாளின் நிலைக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்தவர்களில் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மேற்கொண்டு எதுவும் தேவைப்படுவதில்லை.

எண்ணெயை மாற்றுவது முதல் வேலை. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பின் 140 பாகை தாங்கினால் போதும் என்று அதே விதி விட்டுக்கொடுக்கிறது. டாட் 4க்கு இது 230, 155. டாட் 5.1க்கு 260, 180. காலிப்பருக்குள் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், பெடல் அழுத்துவது அந்தக் குமிழியைத்தான். அன்று என் கால் புதைந்த பஞ்சு அதுவே. டாட் 4 ஊற்றுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெயரைப் பார்த்து டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

டிஸ்க்கின் உட்புறத்திலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பாருங்கள். அந்த அளவுக்குக் கீழே போய்விட்டால் கடைசல் பிடிப்பது வீண், மாற்றிவிட வேண்டும். டிரம்முக்கும் அதேபோல் அதிகபட்ச விட்டம் ஒன்று உண்டு. ஷூக்களைத் தட்டித் துடைக்கும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

காலிப்பர் நகரும் ஊசிகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் டிஸ்க்கின் இரு பக்கமும் உரசும் பேட்களில் ஒரு பக்கத்து பேட் மட்டும் தேயும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம்; பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் இறுக்கமாகவே சுற்றினால் ஹோஸ் மீது சந்தேகப்படுங்கள். இருபது ஆண்டு பழைய ஹோஸாக இருந்தால் சந்தேகப்படுவதற்கும் நேரம் செலவழிக்காமல் மாற்றிவிடுங்கள்.

மிதிக்கு வலுக் கூட்டும் பூஸ்டரைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் கல்லாகும் வரை நான்கைந்து முறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் எஞ்சினை முடுக்குங்கள். பெடல் சற்றுத் தானாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பூஸ்டரோ அதற்கு வெற்றிடம் தரும் வழியோ பழுது. டீசல் வண்டிக்காரர்கள் இங்கே கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் தானாகவே வெற்றிடம் கிடைக்கும். பழைய டீசலில் கிடைக்காது. அதற்கென்று ஒரு வெற்றிடப் பம்பு உண்டு. பழைய டொயோட்டா, மிட்சுபிஷி டீசல்கள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். விளக்குகளுக்காகப் பெரிய ஆல்டர்னேட்டர் மாற்றியவர் ஒருவர், மறுநாளிலிருந்து பிரேக் கல்லாகிவிட்டது என்று, மிதியை எண்ணெய் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார், பூஸ்டரை மாற்றினார், காலிப்பரையும் மாற்றப்போனார். புது ஆல்டர்னேட்டரில் பம்பு இல்லை, அவ்வளவுதான்.

உயர்த்திய வண்டியின் ரகசிய எதிரி

பின் அச்சுக்கு மேலே, சட்டத்தில் பொருத்திய ஒரு சிறு வால்வும், அதிலிருந்து அச்சுக்குப் போகும் ஒரு கம்பியும் பல பிக்கப்புகளில் இருக்கும். பட்டறைகளில் எல்எஸ்பிவி என்பார்கள். சுமையறி வால்வு என்று சொல்லலாம். இதன் வேலை எளிமையானது. பின்னால் சுமை ஏறினால் வண்டி தாழும், அச்சுக்கும் சட்டத்துக்கும் இடைவெளி குறையும், கம்பி அதை உணர்ந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வண்டி காலியாக இருந்தால் இடைவெளி அதிகம், அழுத்தத்தைக் குறைக்கும். காலி பிக்கப்பின் பின்பக்கம் இலேசானது. அதற்கு முழு அழுத்தம் கொடுத்தால் மழைச் சாலையில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்காகத் திரும்பிவிடும் என்பதற்காக ஜப்பான்காரன் யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

இப்போது நீங்கள் பட்டை வில்லை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துகிறீர்கள். இடைவெளி நிரந்தரமாகக் கூடிவிட்டது. பாவம் அந்த வால்வு, வண்டி எப்போதும் காலி என்று நம்புகிறது. அரை டன் ஏற்றினாலும் அதன் கணக்கில் வண்டி காலிதான். பின் பிரேக் பாதி வேலையோடு நின்றுவிடும், மிச்சத்தை முன் பிரேக் சுமந்து சூடேறும். தாழ்த்திய வண்டியில் இது தலைகீழாக நடக்கும்: எப்போதும் சுமை இருப்பதாக எண்ணிப் பின் சக்கரங்களைப் பூட்டும்.

தீர்வு மலிவானது. உயர்த்திய அதே அளவுக்கு, அச்சுப் பக்கத்துக் கம்பித் தாங்கியை உயர்த்தும் ஒரு சிறு இரும்புத் துண்டு போதும். உடலை மட்டும் கட்டை வைத்து உயர்த்தியிருந்தால் சட்டத்துக்கும் அச்சுக்கும் இடைவெளி மாறாது. அதற்கு இந்த வேலை தேவையில்லை. சிலர் இந்த வால்வையே கழற்றி எறிந்துவிட்டுக் கையால் திருகும் வால்வு ஒன்றை வைக்கிறார்கள். எப்போதும் ஒரே சுமையோடு போகும் வண்டிக்கு அது சரி. இன்று காலி, நாளை டுரியான் என்று ஓடும் வண்டிக்கு அசல் வால்வே மேல். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பின் சக்கரத்துக்கு ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏற்பாடு, இருக்கும் வண்டியாக இருந்தால், இந்தப் பகுதியில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

முன் பிரேக்: காசு போட வேண்டிய இடம்

மேலே சொன்னதெல்லாம் முடிந்து, இன்னமும் போதவில்லை என்றால் முன்பக்கத்தைப் பாருங்கள். மிதித்தவுடன் எடை முன்னால் சாய்கிறது. வேலையில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது.

முதல் மாற்றம் பேட். அதன் ஓரத்தில் அச்சிட்ட நீண்ட எண்ணுக்கு இடையில் இரண்டு எழுத்துகள் சேர்ந்திருக்கும்: எஃப்எஃப், ஜிஎஃப், ஜிஜி என்று. முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும் இரண்டாவது கடும் சூட்டிலும் எவ்வளவு உராய்வு என்பதைச் சொல்கின்றன. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எஃப்ஈ என்று எழுதியிருந்தால் சூடேறியதும் பிடி தளரும் என்று பொருள். அதை மலை இறக்கத்துக்கு வாங்காதீர்கள். எஃப்எஃப் அல்லது அதற்கு மேல் பாருங்கள். பந்தயத்துக்கென்று விற்கும் பேட் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வீட்டு வாசலில் முதல் மிதியிலேயே நமக்குப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது டிஸ்க். உங்கள் வண்டியில் ஒற்றைத் தகட்டு டிஸ்க் இருந்தால், இரு தகடுகளுக்கிடையே காற்றோட்டம் உள்ள டிஸ்க்குக்கு மாறுவது பெரிய முன்னேற்றம். அதே குடும்பத்தின் கனமான மாடலிலிருந்து டிஸ்க்கும் காலிப்பரும் சேர்த்து எடுப்பதுதான் பழைய பிக்கப்காரர்களின் வழி. ஹைலக்ஸ்காரர்கள் டொயோட்டாவின் சர்ஃப், லேண்ட் குரூசர் பக்கம் போவார்கள். ஜப்பானில் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து விற்கும் ஹாஃப்கட் கடைகளில் இவை கிடைக்கும். ஒரே நிறுவனம் என்பதால் திருகாணி இடைவெளி எல்லா ஆண்டுக்கும் பொருந்தும் என்று நம்பிவிட வேண்டாம். உங்கள் பழைய காலிப்பரைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையின் தரையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். சக்கர ரிம்மையும் மறக்காதீர்கள். 15 அங்குல ரிம்முக்குள் பெரிய காலிப்பர் பல நேரம் நுழையாது. ரிம்மின் உட்புற வளைவை அட்டையில் வெட்டி எடுத்துப் போனால் இரண்டாவது பயணம் மிச்சம்.

துளையிட்ட டிஸ்க் பார்வைக்கு அழகு. கனமான வண்டி சூடேறி ஆறி, சூடேறி ஆறி ஓடும்போது துளைகளின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும். இரும்பைக் குறைத்தால் சூட்டைத் தாங்கும் பொருளும் குறைகிறது. துளையில்லாத, தடித்த டிஸ்க்கே எனக்குப் போதும்.

காலிப்பர் பெரிதானால் அதை நிரப்ப அதிக எண்ணெய் வேண்டும், பெடல் நீளமாகப் போகும். உடனே மாஸ்டர் சிலிண்டரையும் பெரிதாக்கச் சொல்வார்கள். அங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. ஒரு அங்குலத்தின் எட்டில் ஏழு பங்கு, அதாவது 22.2 மில்லிமீட்டர் துளையுள்ள சிலிண்டரிலிருந்து ஓர் அங்குலத்துக்குப் போனால், பெடல் தூரம் குறையும்; ஆனால் அதே மிதிக்குக் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 23 சதவீதம் குறையும். காலிப்பரைப் பெரிதாக்கிப் பெற்றதை இங்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். முதலில் பழைய சிலிண்டரோடு ஓட்டிப் பாருங்கள். பெடல் பாதிக்கு மேல் இறங்கினால் மட்டும் ஒரு படி பெரிதாக மாற்றுங்கள், இரண்டு படி தாண்டாதீர்கள்.

பின்பக்கத்துக்கும் டிஸ்க் வேண்டுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. என் பதில்: பெரும்பாலும் வேண்டாம். டிரம்முக்குள் ஷூ, சுழற்சியோடு சேர்ந்து தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் குணம் உடையது. சுமை வண்டியின் பின்பக்கத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. கைப்பிரேக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க்குக்கு மாறுபவர்களில் பலர் கைப்பிரேக்கைக் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளிவைத்து, கடைசி வரை பார்ப்பதேயில்லை. கைப்பிரேக் இல்லாத வண்டியை நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

சேற்றிலும் ஆற்றிலும் வாரந்தோறும் இறங்குபவர்களுக்கு மட்டும் டிஸ்க்கில் ஒரு நியாயம் உண்டு. டிரம்முக்குள் புகுந்த சேறு வெளியேறாமல் ஷூவைத் தின்னும். அவர்களும் கைப்பிரேக் இணைந்த காலிப்பரையே தேட வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரில் டிரம்முக்கென்று அழுத்தம் தேக்கும் சிறு வால்வு இருந்தால் அதையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க்கை பேட் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

மற்றவர்கள் டிரம்மைத் திறந்து, ஷூவைச் சரியான இடைவெளிக்குத் திருகி வைத்தால் போதும். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது இலேசாக உரசும் ஓசை கேட்க வேண்டும், பிடிக்கக் கூடாது. அரைமணி நேர வேலை. என் வண்டியில் பெடல் ஓர் அங்குலம் மேலே வந்தது இதனால்தான்.

ஹோஸும் குழாயும்

உயர்த்திய வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரம் முழுவதுமாகத் தொங்கும்படி விட்டு, திசைமாற்றியை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஹோஸ் எங்காவது விறைத்து நின்றால் அது நீளம் போதாது. எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ் வாங்கினால் நீளத்தைக் கூட்டியே வாங்குங்கள்.

புதுக் குழாய் வளைப்பதாக இருந்தால் எஃகு அல்லது செம்பு நிக்கல் கலவை. வெறும் செம்பு அதிர்வில் களைத்து விரிசல் விடும். பழைய ஜப்பானிய வண்டிகளில் குழாய் முனை இரட்டை மடிப்பாக இருக்கும். ஐரோப்பிய வண்டிகளின் குமிழ் முனையோடு அது சேராது. நடுவில் ஒட்டுப் போட நீர்க்குழாய் இணைப்பைப் பயன்படுத்தும் பட்டறையிலிருந்து வண்டியை உடனே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழையதாக வாங்கக்கூடியது, வாங்கக்கூடாதது

காலிப்பரின் உடல், அதன் தாங்கி, முன் அச்சுத் தலை போன்ற வார்ப்பிரும்புகளைப் பழையதாக வாங்கலாம். உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போடுங்கள். பிஸ்டனில் துருக்குழி இருந்தால் பிஸ்டனையும் சேர்த்து. ஹோஸ், பேட், ஷூ, மாஸ்டர் சிலிண்டரின் உட்பொருள்கள் எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

ஜேபிஜே, புஸ்பகோம், காப்புறுதி

வண்டியின் அமைப்பை மாற்றும் வேலைகள் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும், 1959ஆம் ஆண்டின் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகளுக்கும் உட்பட்டவை. பேட், டிஸ்க், ஹோஸ் போன்றவற்றைத் தேய்ந்ததற்குப் பதில் மாற்றுவது பராமரிப்பு. வேறு வண்டியின் அச்சையே கொண்டுவந்து வைப்பதும், எஞ்சினை மாற்றுவதும், வண்டியை உயர்த்துவதும் அப்படி அல்ல. வேலையைத் தொடங்கும் முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்; முடித்த பின் கேட்டால் பதில் பெரும்பாலும் நமக்குப் பிடிப்பதில்லை. வணிகச் சரக்கு வண்டியாகப் பதிவானது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பகோமின் உருளைச் சோதனையில் ஒவ்வொரு சக்கரத்தின் பிடியும் தனித்தனியாகத் தெரியும், இடமும் வலமும் ஒத்துப்போகின்றனவா என்பதும் சேர்த்து. செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள்.

காற்று எடுத்தலும் பழக்கலும்

வலப்பக்கம் ஓட்டுநர் இருக்கும் நம் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரும் வலப்பக்கம். ஆகவே மிகத் தொலைவிலுள்ள பின் இடது சக்கரத்தில் தொடங்கி, பின் வலம், முன் இடம், முன் வலம் என்று, எண்ணெயில் சிக்கிய காற்றை எடுங்கள். சுமையறி வால்வில் காற்றெடுக்கும் தனித் திருகு இருந்தால் அதிலும்.

என் முன் காலிப்பரை மாற்றிய நாளில் மூன்று போத்தல் எண்ணெய் தீர்ந்தும் பெடல் பஞ்சாகவே இருந்தது. மாலை ஆறு மணிக்கு, பட்டறையைப் பூட்டக் காத்திருந்த பெரியவர் பொறுமையிழந்து சக்கரத்தின் அருகில் குந்தி உட்கார்ந்தார். கைவிளக்கை அடித்துப் பார்த்தார்.

"தம்பி, காற்றுக் குமிழி மேலே போகுமா, கீழே போகுமா?"

"மேலே, அண்ணே."

"திருகு எங்கே இருக்கிறது?"

காலிப்பரின் அடியில் இருந்தது. இடது காலிப்பரை வலப்பக்கமும் வலது காலிப்பரை இடப்பக்கமும் மாட்டியிருந்தேன். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின, அதுதான் கொடுமை. குமிழிகள் மேலே கூடி நின்று என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். அவர் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பூட்டையும் சாவியையும் என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். காற்றெடுக்கும் திருகு எப்போதும் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். மாற்றி முடித்தபோது மணி எட்டரை.

புது பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். வாகனம் இல்லாத நேரான இடத்தில் 60 கிலோமீட்டரிலிருந்து 15 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். பிறகு பிரேக்கைத் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

அடுத்து மலை. முதல் முறை காலி வண்டியோடு, இரண்டாம் முறை பாதிச் சுமையோடு, அதன் பிறகே முழுச் சுமை. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். அடிவாரத்தில் நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு சக்கரங்களையும் அளந்து எழுதி வையுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. பட்டறைக்கென்று விற்பது வேண்டும். முன் இரண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும், பின் இரண்டும் தங்களுக்குள் அப்படியே. ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தக் காலிப்பரோ ஹோஸோ விட மறுக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. சுமையோடு இறங்கியும் பின் இரண்டும் வெறும் வெதுவெதுப்பாக இருந்தால் மறுபடி சுமையறி வால்வின் கம்பியைப் போய்ப் பாருங்கள்.

நான் அளப்பது அதே டுரியான் கடையின் ஓரத்தில்தான். வெப்பமானியோடு சக்கரம் சக்கரமாகக் குனிந்து எழுந்து முடிப்பதற்குள் கடைக்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டு, ஒரு பழத்தைப் பிளந்தும் வைத்திருப்பார்.